போடாத பிரேக்குக்கு ஐந்து நட்சத்திரம்

பார்சலைக் கத்தரித்ததும் முதலில் வெளியே வருவது நாற்றம்தான். கெட்ட மீனையும் புது ரப்பர் செருப்பையும் ஒரே பையில் போட்டு இருபத்தைந்து நாள் கட்டி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு நாற்றம். மெஹராஜ் துப்பட்டா நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் பாக்கெட்டுகளை எடுத்து மேசைமேல் அடுக்குவாள். மேசையில் நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ரெக்சின் விரிப்பு. எவ்வளவு துடைத்தாலும் கிரீஸ் கறை போகாது. ஆனால் போட்டோவில் அது அழகாகத்தான் விழும்.

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் அவளுடைய அண்ணன் ஜமாலின் பைக் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ஸ்பேனர் பிடிப்பதும் வருகிறவர்களிடம் பேசுவதும் ஜமாலின் வேலை. பேசாமல் செய்யக்கூடியதெல்லாம் மெஹராஜின் வேலை. எந்த வண்டிக்கு எந்தப் பார்ட் போட்டது என்று நோட்டில் எழுதுவாள், டிராயர்களை ஒழுங்காக வைப்பாள், போனில் ஆர்டர் போடுவாள். இருபத்தேழு வயது. காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அவள் வாயிலிருந்து பத்து வார்த்தை வந்தால் அதிகம். “ஊமைக் குசும்பு” என்பான் ஜமால்.

மெயின் ரோட்டுக் கடையில் நல்ல பிரேக் பேட் வாங்குகிற விலைக்கு, இணையத் தளம் ஒன்றில் வெளிநாட்டு விற்பனைக்காரனிடம் மூன்று செட் வாங்கலாம். இதைக் கண்டுபிடித்தவள் மெஹராஜ்தான். அந்தத் தளத்தில் இன்னொரு வழியும் உண்டு. பொருள் கைக்கு வந்த மூன்று நாளுக்குள் படத்தோடு ஐந்து நட்சத்திரம் போட்டுப் பாராட்டி எழுதினால், அடுத்த ஆர்டர் பாதி விலைக்கு. விற்பனைக்காரன் மறக்காமல் தானே மெசேஜ் அனுப்புவான். மெஷின் மொழிபெயர்த்த தமிழில் வரும்: “அன்பான சகோதரி, உங்கள் இதயம் பொருளால் மகிழ்ந்ததா?”

ஒர்க்‌ஷாப்பில் மூன்று நாளுக்குள் எந்தப் பார்ட்டும் வண்டியில் ஏறுவதில்லை. பொருத்தமான வண்டி வரும் வரை டிராயரில்தான் கிடக்கும். அதனால் மெஹராஜ் முதலில் எழுதிவிடுவாள். பார்ட் அதன் பாட்டுக்கு, வண்டி வரும்போது ஏறும்.

எழுதுவது அவளுக்குப் பழகிய காரியம். நாலாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு, ஐந்தாவதில் இங்கிலீஷ் பள்ளிக்கு மாறியவள். அங்கே சேர்ந்த வருஷமே ‘மலை ஊரில் என் விடுமுறை’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். பக்கத்து ஊர் கல்யாணுக்கு அப்பால் எதையும் பார்த்திராத பெண், குதிரைச் சவாரியும் பனிமூட்டமும் ஸ்ட்ராபெரித் தோட்டமுமாக ஒன்றரைப் பக்கம் எழுதினாள். பத்துக்கு ஒன்பது மார்க். டீச்சர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். அன்றைக்குப் பிறகு அவள் எழுதியதை யாரும் உரக்கப் படித்ததில்லை.

ஆகவே பிரேக் பேடுக்கும் அதேபோல் எழுதினாள். போன மழையில் இரண்டு மாதம் மும்பையில் ஓட்டினேன்; சயான் பக்கம் தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது; வண்டி நூல் பிடித்தாற்போல் நின்றது; வீட்டில் என் அம்மா நிம்மதியாகத் தூங்குகிறாள். கட்டம் போட்ட விரிப்பின்மேல் தன் உள்ளங்கையை வைத்து, அதில் பேடை வைத்து ஒரு படம். கீழே ‘எம்.ஜே., மும்பை’. அவள் வாழ்நாளில் பைக் ஓட்டியது கிடையாது. உம்மா இறந்து ஆறு வருஷம்.

அந்த எழுத்துக்குக் கீழே ஒரு எண் ஏறிக்கொண்டே வந்தது: இத்தனை பேருக்கு இது உதவியாக இருந்தது. நாற்பது, தொண்ணூறு, இருநூறு. வெட்கமாக இருந்தாலும் மெஹராஜ் தினமும் ஒரு தரம் எடுத்துப் பார்த்தாள். முந்நூறைத் தாண்டிய அன்று தனக்குத் தானே அரை கிளாஸ் கட்டிங் சாய் சொல்லிக் குடித்தாள்.

ஜூலையில் ஒரு மத்தியானம் இசக்கிதுரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். தேவ்நாரில் குடியிருப்பவன், சாப்பாடு டெலிவரி செய்பவன், இந்தக் கடைக்குப் பழைய ஆள். தாடையில் ஏழு தையல், வலது உள்ளங்கையில் கட்டு. செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை விரிப்பின்மேல் வைத்தான்.

“தங்கச்சி, இதக் கொஞ்சம் பாரு. நீங்க போட்ட பேடுதான். பத்தொம்பது நாளுதான் ஆச்சு.”

“என்னண்ணே ஆச்சு?”

“செம்பூர் மேம்பாலத்துல இறங்குதேன். பிரேக்க அமுக்குனா கர்ருன்னு ஒரு சத்தம், அப்புறம் பிரேக்கே இல்ல. முன்னால தண்ணி டேங்கர். நேரா போயி தாடையால ஒரு முத்தம் குடுத்துட்டேன்.” சிரிக்கப் போய், தையல் இழுத்ததும் தாடையைப் பிடித்துக்கொண்டான். “பிரியாணிக்கு ஒண்ணும் ஆகல, கேட்டியா. டப்பா அப்படியே இருந்துச்சு. நாந்தான் ரோட்டுல சிந்திட்டேன். ரத்தத்தோட கொண்டு போயிக் குடுத்தா, அந்தாளு என் மூஞ்சியப் பாத்துட்டு ‘இத்னா லேட்?’ இம்புட்டு லேட்டாங்கான். ஒத்த ஸ்டாரு போட்டு விட்டுட்டான்!”

மெஹராஜ் பொட்டலத்தைப் பிரித்தாள். இரும்புத் தகடு தனியாக, அதன்மேல் இருக்க வேண்டிய கறுப்புப் பட்டை தனியாக. உடையவில்லை, தேயவில்லை. ஈரச் சுவரிலிருந்து சுண்ணாம்பு உரிவது போல முழுசாக உரிந்து வந்திருந்தது. தகட்டில் மஞ்சளாகப் பசை, காய்ந்த சளி மாதிரி. தொட்ட விரலில் ஒட்டியது. துணியில் துடைத்தாள், போகவில்லை. மண்ணெண்ணெயில் துடைத்தாள். அப்போதும் அந்த மீன் வாடை விரலில் இருந்தது.

ஜமால் எட்டிப் பார்த்தான். ஒரு நொடிக்கு மேல் பார்க்கவில்லை.

“மழைல்லா? சேறு உள்ள போயிருக்கும். நீ பாலத்துல பறந்திருப்ப.”

“நாப்பதுலதான் வந்தேன்ணே.”

“எறக்கத்துல நாப்பது ஜாஸ்தி இல்லியாடே?”

இசக்கிதுரை கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். “இருக்கும்ணே. நம்ம மேலயும் தப்பு இருக்கும்.”

ஜமால் மெயின் ரோட்டுக் கடைக்கு ஆள் அனுப்பி நல்ல பேட் வாங்கி வரச் சொல்லி, தானே உட்கார்ந்து போட்டான். காசு வாங்கவில்லை. இசக்கிதுரையின் கண் கலங்கிவிட்டது. “இந்த மனசு எவனுக்குண்ணே வரும்?” என்று கட்டுப் போடாத கையால் ஜமாலின் தோளைத் தொட்டான். பிறகு மெஹராஜைப் பார்த்து, “வாரேன் தங்கச்சி, உங்க புண்ணியத்துல தப்பிச்சேன்” என்றான்.

அவன் சந்து முனையைத் தாண்டியதும் மெஹராஜ் பின்பக்கக் குழாயடிக்குப் போய் விரலைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

திரும்பி வந்து நோட்டைப் புரட்டினாள். அதே பார்சலில் வந்த பேட் இன்னும் ஐந்து வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்தது. டிராயரில் மூன்று செட்.

“காக்கா, அது சேறு இல்ல. பசை” என்றாள் அண்ணனிடம்.

“தெரியும்.” ஜமால் தலை நிமிரவில்லை.

“அஞ்சு வண்டியில கிடக்கு.”

“கிடக்கட்டும். அஞ்சுமா பிஞ்சிரும்? வந்தவனுக்கு மாத்திக் குடுத்தோம்ல. நாமளா போயி, நாங்க போட்டது குப்பைன்னு சொன்னா இந்தச் சந்துல எவன் வண்டிய விடுவான்? டென்ஷன் மத் லே, பதறாத. சும்மா கிட.”

அவள் சும்மா கிடந்தாள். அதுதான் அவளுக்கு நன்றாக வரும். ஆனால் அன்று வீட்டில் சோறு பிசையும்போது விரலில் மீன் வாடை வந்து, தட்டை ஒதுக்கி வைத்தாள். போனை எடுத்து, எழுதியதை மாற்றப் பார்த்தாள். முப்பது நாளைக்குமேல் ஆகிவிட்டால் மாற்ற முடியாது என்றது தளம். விற்பனைக்காரனுக்கு உரிந்த பேடின் படத்தை அனுப்பினாள். நிமிஷத்தில் பதில் வந்தது: “அன்பான சகோதரி, தயவுசெய்து உங்கள் இதயத்தை அமைதிப்படுத்துங்கள். நாங்கள் உங்களுக்கு இன்னும் இரண்டு செட் இலவசமாக அனுப்புகிறோம்.”

அதே பேட் இரண்டு செட்! அன்றைக்கு அந்த ‘உதவியாக இருந்தது’ எண் முந்நூற்று நாற்பத்தொன்றாக ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் காலை மாட்டுங்காவிலிருந்து வெங்கி வந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. கடைக்கு வந்தால் அரை மணி நேரம் பேசாமல் போக மாட்டார். இந்தத் தடவை தன் மகள் மானசாவின் ஸ்கூட்டரில் வந்திருந்தார். பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து விரிப்பின்மேல் வைத்தார். மெஹராஜுக்கு அதைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. வாடையே சொல்லிவிட்டது.

“ஜமால் பாய், இன்னிக்கு உங்களுக்கு லேபர் மட்டும்தான். பார்ட் நானே தருவிச்சுட்டேன். மூணுல ஒரு பங்கு விலை, தெரியுமோ?”

“பேஷாப் போட்டுருவோம் சார்.”

“மானசாவுக்கு இப்போ செம்பூர்ல வேலை. தெனமும் மேம்பாலம் ஏறி எறங்கறா. ஆத்துக்காரி ஷ்யாமளா வேற, பிரேக்கைப் பாருங்கோ, பிரேக்கைப் பாருங்கோன்னு பிராணனை வாங்கறா.” முழங்கையை விரிப்பில் ஊன்றிக்கொண்டு மெஹராஜ் பக்கம் போனைத் திருப்பினார். “நான் வெறும் நட்சத்திரத்தை எல்லாம் நம்பற ஆள் இல்லேம்மா. படிச்சுப் பார்ப்பேன். இதோ பாரு, நம்ம மும்பைப் பொண்ணு ஒருத்தி எழுதியிருக்கா. சயான்ல நாய் குறுக்கே வந்துதாம், வண்டி கப்புன்னு நின்னுதாம், அம்மா நிம்மதியாத் தூங்கறாளாம். இதெல்லாம் பொய்யா எழுத வருமோ? ஷ்யாமளாவுக்கு உரக்கப் படிச்சுக் காமிச்சேன். அவளே, உடனே வாங்குங்கோன்னுட்டா.”

படத்தில் ஒரு உள்ளங்கை. அதன் கீழே நீலமும் வெள்ளையுமாகக் கட்டம். அதே கட்டத்தின்மேல்தான் அவருடைய முழங்கை இருந்தது.

ஜமால் ஸ்பேனரால் தரையில் இரண்டு தரம் தட்டினான். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். குனிந்து ஸ்கூட்டரின் முன் சக்கரத்தில் கை வைத்தான்.

“அது நான் எழுதுனது, அங்கிள்” என்றாள் மெஹராஜ்.

வெங்கி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “நீயா? அட, இன்னும் நல்லதாப் போச்சு! நம்ம மெஹராஜே சொல்லிட்டா அப்பீல் ஏது?”

“நான் வண்டி ஓட்டுனதே இல்ல. அந்தப் பேட அப்ப எந்த வண்டியிலயும் போடவும் இல்ல. எழுதுனா பாதி விலைக்குத் தருவான், அதுக்காக எழுதுனேன்.”

“மெஹரு!” என்றான் ஜமால்.

அவள் டிராயரைத் திறந்து ஒரு செட்டை எடுத்தாள். ஸ்க்ரூ டிரைவர் நுனியைத் தகட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் கொடுத்து மெல்ல நெம்பினாள். டப்பென்று பட்டை எகிறி விரிப்பில் விழுந்தது. மஞ்சள் பசை மினுங்கியது.

“போன வாரம் இது பிஞ்சு ஒருத்தர் தாடையில ஏழு தையல். எல்லாமே ஒரே ஆள்கிட்ட வந்தது. உங்ககிட்ட இருக்கதும் இதான். மானசா வண்டியில போடாதீங்க.”

வெங்கி படத்தைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார். முழங்கையை எடுத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முழங்கையை அழுத்தித் துடைத்தார். அப்படித் துடைக்கும்போது அவர் பார்த்தது விரிப்பை அல்ல, மெஹராஜை. உரிந்த பேடை அவள் எப்படிப் பார்த்தாளோ, அப்படி.

“அம்மா தூங்கறான்னு எழுதியிருக்கியேம்மா” என்றார். “வண்டியை விடுங்கோ பாய். நான் வேற எடத்துல பார்த்துக்கறேன்.”

ஜமால் எழுந்து நின்றான். வெங்கி ஸ்கூட்டரைத் திருப்பினார். நாலடி போனவர் நின்று, திரும்பி வந்து, தன் பாக்கெட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “படம் அனுப்பினாப் பணத்தைத் திருப்பித் தருவானோ என்னவோ” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

எதிர்ச் சுவரோரம் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும்.

“சந்தோசமா?” என்றான் ஜமால். “வாயே தொறக்காதவ, தொறந்த அன்னைக்குக் கடைய மூடிட்டா.”

மெஹராஜ் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தாள். ஐந்து வண்டி, ஐந்து போன் நம்பர்.

“எல்லாருக்குமா சொல்லப் போற? ஏளா, உன்னத்தான் கேக்கேன்.”

“மெயின் ரோட்டுக் கடையில அஞ்சு செட்டு சொல்லி வைங்க காக்கா.”

ஜமால் போய்க் கம்ப்ரெசரைப் போட்டான். யாருக்கும் காற்றுப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. டபடபவென்று அது கத்தத் தொடங்கியதும் ஒன்றும் காதில் விழவில்லை. மெஹராஜ் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்துக்கு இறங்கினாள். தூறிக்கொண்டிருந்தது. திறந்த சாக்கடையைத் தாண்டி, கம்ப்ரெசர் சத்தம் குறைகிற மூலை வரை போய் நின்றாள். முதல் நம்பர் கணேசபாண்டியன், மாட்டுங்கா மார்க்கெட்டில் தேங்காய் இறக்குபவர். மணி நாலைந்து தரம் அடித்த பிறகு எடுத்தார்.

“யாரு?”

“மெஹராஜ் பேசுதேன். ஜமால் ஒர்க்‌ஷாப்புலருந்து.” அந்நியரிடம் போனில் இவ்வளவு சத்தமாக அவள் பேசியதில்லை. “உங்க வண்டிக்கு நாங்க போட்ட பிரேக் பேடு சரியில்லண்ணே. பிஞ்சு வந்திரும். வண்டிய எடுக்காதீங்க. தள்ளிட்டு வாங்க, மாத்தித் தாரோம்.”

தேங்காய் உருளும் சத்தத்துக்கு மேல் அவர் குரலை உயர்த்தினார்.

“பிஞ்சு வருமா? அன்னைக்கு ஃபாரின் மாலு, பக்கான்னு சொல்லித்தான போட்டீங்க?”

“சொன்னோம். பொய்.”

“தூ” என்று ஒரு சத்தம். வெற்றிலையைத் துப்பினாரா, அவளைத்தானா, தெரியவில்லை. பிறகு, “மாத்துறது ஓசிதான?”

“ஓசிதான்.”

“அப்ப ஞாயித்துக்கெழம வாரேன். இப்ப லோடு இருக்கு.”

“ஞாயித்துக்கெழம வேண்டாம்ணே” என்றாள் மெஹராஜ். “நீங்க எங்க நிக்கீங்க, சொல்லுங்க. நான் வந்து தள்ளிட்டுப் போறேன்.”