முந்திக்கொண்ட ஸ்தோத்திரம்

அப்பாத்துரை சார்வாளுக்கு நன்றி சொல்லும் விஷயத்தில் பொறுமை என்பது அறவே கிடையாது. பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் போடுகிற பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். ஆனால் சர்ச்சுக்குள் நுழைந்துவிட்டால் அவரே விடையை முதலில் போட்டுவிடுவார். தூறல் விழும்போதே 'நல்ல மழை தந்ததற்காக' என்று காணிக்கை உறையில் எழுதிவிடுகிற மனிதர். அந்த அவசரத்தில் அவருடைய ஒரே மகள் கெசியா மாட்டிக்கொண்டது 1995-ஆம் வருடம்.

கெசியா இயற்பியல் படித்தவள். தனியார் விமானக் கம்பெனிகள் புதிது புதிதாக முளைத்து, விமானிகளைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அவள் விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றதும் அம்மா கிரேஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அங்கன பொம்பளப் பிள்ளைகளுக்குத் தனி ஹாஸ்டல் உண்டுமாளா?"

உண்டு என்றாள் கெசியா. அதோடு விவாதம் முடிந்தது. உதவித்தொகையும் கிடைத்தது. மதுரைப் பக்கம் ஒரு பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து, இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன விமானத்தில் இருநூறு மணி நேரத்துக்கு மேல் பறந்தாள். எழுத்துத் தேர்வுகளையும் ஒவ்வொன்றாகத் தாண்டினாள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. தேர்வாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மதுரையிலிருந்து தூத்துக்குடியின் வாகைகுளம் விமான நிலையம் வரை வழி தவறாமல் ஓட்டிப் போய்த் திரும்ப வேண்டும். அதில் தேறினால் லைசென்ஸ். லைசென்ஸ் வந்தால் துணை விமானியாகச் சேர்த்துக்கொள்ள சென்னையில் ஒரு கம்பெனி தயாராக இருந்தது.

தேர்வு சனிக்கிழமை என்று கெசியா வீட்டுக்கு எழுதியிருந்தாள். மறுநாள் ஞாயிறு, சபையில் அறுப்பின் பண்டிகை. பிசானப் பருவத்து நெல் அறுவடை முடிந்து வருடத்துக்கு ஒரு தடவை வருவது. நெல், கோழி, பூசணிக்காய் என்று அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து படைத்து, எதற்காக நன்றி என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். குருவானவர் அதை எல்லோருக்கும் கேட்க வாசிப்பார். ஆராதனை முடிந்ததும் வந்த பொருளெல்லாம் ஏலத்துக்குப் போகும்.

சார்வாள் களக்காட்டிலிருந்து ஆளுயர ஏத்தன் வாழைத்தார் ஒன்றை வரவழைத்துப் படைத்தார். சீட்டில் எழுதியது இது: 'மகள் கெசியாவை விமானியாக்கியதற்காக.'

சபையே கைதட்டியது. பலசரக்குக் கடை வேதநாயகம் அண்ணாச்சி விடாப்பிடியாகக் கேட்டு அந்தத் தாரை ஏலத்தில் எடுத்தார்.

ஆனால் சனிக்கிழமை தேர்வே நடக்கவில்லை. விமானத்தின் பிரேக் மக்கர் பண்ணியதால் திங்களுக்குத் தள்ளிப்போயிற்று. இரண்டு நாள்தானே, முடித்துவிட்டே சொல்லலாம் என்று கெசியாவும் வீட்டுக்குத் தகவல் சொல்லாமல் இருந்துவிட்டாள். அந்தத் தப்பு அவளுடையது.

திங்கள் காலை தேர்வாளர் கேப்டன் காசிலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்தார். புறப்பாடு நன்றாக இருந்தது. கோவில்பட்டி தாண்டும்வரை வரைபடமும் கடிகாரமும் சொன்னபடியே எல்லாம் வந்தது. அதற்கப்புறம்தான் தூரத்தில், தென்மேற்கே, தாமிரபரணி தெரிந்தது. ஆற்றின் இரு பக்கமும் வயல்கள். தான் பிறந்து வளர்ந்த ஊரை அவள் மேலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆற்றைப் பிடித்து மேற்கே கண்ணை ஓட்டினால் நம்ம ஊர் தெரியுமே என்று தேட ஆரம்பித்தாள். கண் போன பக்கம் கையும் போயிற்று.

"வாகைகுளம் எங்கேம்மா?" என்றார் காசிலிங்கம்.

"அதோ சார், எங்க ஊர் சர்ச்சு ஊசிக்கோபுரம்!" என்றாள் கெசியா பூரித்துப்போய்.

"நான் அதைக் கேட்கலையே."

அப்போதுதான் திசைகாட்டியைப் பார்த்தாள். விமானம் வாகைகுளத்தை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. மதுரையில் இறங்கிய பிறகு காசிலிங்கம் கோபப்படக்கூட இல்லை. "ஊரைப் பார்க்கணும்னா பஸ்ஸுல போகலாம்மா. பின்னாடி நூறு பேரை உட்கார வச்சுக்கிட்டு இப்படிப் பார்க்க முடியாது. இன்னும் பயிற்சி எடுத்துட்டு ஒரு மாசம் கழிச்சு வா" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் அவர் சொன்னபடியே பஸ்ஸில் ஊருக்குப் போனாள். நேரில் சொல்லிவிடலாம் என்று நினைப்பு. தெருமுனையிலேயே ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "பைலட்டம்மா வந்துட்டியா!" என்றாள். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏழெட்டுப் பேர் வாழ்த்திவிட்டார்கள். வாசலில் நின்ற அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் கெசியாவுக்கு அடக்க முடியவில்லை.

"நான் தேறலப்பா" என்று அழுதாள்.

சார்வாள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கிரேஸ் மகளைக் கட்டிக்கொண்டாள். சார்வாள், "தப்பு எம்மேலதான். ஞாயித்துக்கிழமை சபையில எந்திரிச்சிச் சொல்லிருதேன். பொய்ச் சாட்சி சொல்லிட்டேன்லா" என்றார். கெசியாவுக்குத் தான் தோற்றதைவிட அதுதான் பொறுக்கவில்லை.

செய்தி கேள்விப்பட்டு வேதநாயகம் அண்ணாச்சி கடையைப் போட்டபடி போட்டுவிட்டு வந்தார்.

"என்ன சார்வாள், ஸ்தோத்திரத்த வாபஸ் வாங்கப் போறீராமே? அப்பம் தாரையும்லா திருப்பிக் கேப்பீரு! அத முழுசும் தின்னாச்சி வே. ஒரு பழங்கூட மிச்சமில்ல." பிறகு கெசியாவின் பக்கம் திரும்பினார். "ஏளா, நீ போயி அந்த ஏரோப்பிளேனை ஒழுங்கா ஓட்டிக் காட்டு. எங்களுக்கு வேற வழியில்ல."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். சார்வாளும் சபையில் எந்திரிச்சுச் சொல்லும் எண்ணத்தை விட்டுவிட்டார். அன்று அவர் வராமல் இருந்திருந்தால் மறுபடி மதுரைக்குப் போயிருக்க மாட்டேன் என்று பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

ஒரு மாதம் கழித்து அதே விமானம், அதே வழி, அதே காசிலிங்கம். கோவில்பட்டி தாண்டியதும் அவர் வேண்டுமென்றே கேட்டார்.

"இன்னைக்கு ஊசிக்கோபுரம் தெரியலையா?"

"அது மேற்க இருக்கும் சார். நான் தெக்க போயிட்டிருக்கேன்."

குறித்த நிமிடத்தில் வாகைகுளத்தின் ஓடுபாதை கண்ணுக்கு நேரே வந்தது. திரும்பி வந்து இறங்கியதும் அவர் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் வந்தது. சென்னையில் கம்பெனிப் பயிற்சியும் முடிந்து, தோளில் பட்டையோடு துணை விமானியாக உட்கார்ந்தாள்.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு விடுப்புப் போட்டு வந்தாள். சார்வாள் லைசென்ஸை வாங்கி, முத்திரையை இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டு, பேனாவை அவளிடமே நீட்டினார். "நீயே எழுதும்மா. நான் எழுதுனா முந்திக்கிடுவேன்."

குருவானவர் சீட்டை வாசித்தார்: "போன வருடம் எனக்காக முன்கூட்டியே ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, அதை வாபஸ் வாங்காமல் காத்திருந்த சபைக்காக. கெசியா அப்பாத்துரை."

சார்வாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஏலத்தில் இந்தத் தாரையும் வேதநாயகம் அண்ணாச்சிதான் எடுத்தார். தோளில் தூக்கும்போது கெசியாவை மட்டும் பைய அருகே கூப்பிட்டார்.

"போன வருசம் ஒரு பொய் சொன்னேம்மா. அன்னைக்குப் பாதித் தார் வீட்டுல தொங்கிக்கிட்டுதான் இருந்துச்சி. நீ தேறுன சேதி வார மட்டும் எங்க வீட்டுல ஒருத்தரும் அதத் தொடல. எல்லாம் கறுத்துப்போயி மாட்டுக்குத்தான் போட்டோம். இத வேளையோட தின்னுக்கிடுதோம், என்ன?"