பௌனே தஸ்

மாட்டுங்காவில் நான் தங்கிய விடுதி ஒரு காலத்தில் யாரோ குடும்பமாக வாழ்ந்த வீடு. மூன்று மாடி, எட்டு அறைகள், லிஃப்ட் கிடையாது. எனக்கு இரண்டாம் மாடியில் தெருப்பக்க அறை. வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை. ஈரத்துணியைச் சன்னல் கம்பியில் போடக்கூடாது, மொட்டைமாடிக் கொடியில்தான் போட வேண்டும். இரண்டையும் வந்த அன்றே நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். எதையும் நேரம் போட்டு எழுதிவைப்பது என் முப்பது வருடப் பழக்கம்.

வந்தது ஒரு வேலைக்காக. கும்பகோணத்தில் நான் தமிழ் நடத்திய பள்ளியை மூடி எட்டு மாதமாகியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதுக்காரியை அங்கே வேறு எந்தப் பள்ளியும் கூப்பிடவில்லை. செம்பூரில் ஒரு பள்ளி கூப்பிட்டது. தமிழ் பேசவரும், படிக்க வராத பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு எடுக்க வேண்டும். இதுவும் போனால் இனி வகுப்பறையே இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

முதல் நாள் மாலை பள்ளி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "நாளைக்கு பௌனே தஸ்க்கு வந்துடுங்க மேடம். ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டணும்" என்று சொல்லி வைத்துவிட்டார் ஒருவர். 'தஸ்' என்றால் பத்து என்று தெரியும். தெரியாத சொல்லை மட்டும் விடுதி மேனேஜரிடம் கேட்டேன். என்னைவிடச் சற்று இளையவர். தாராவியில் பிறந்தவர் என்றாலும் பேச்சு அப்படியே திருநெல்வேலி.

"பௌனேன்னா என்ன?"

"முக்கால், அக்கா."

பத்தே முக்கால் என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

மறுநாள் ஒன்பது ஐந்துக்குப் புடவை கட்டி, பையை எடுத்துவைத்துக்கொண்டு, கீழே மெஸ்ஸில் இரண்டாவது காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா, இன்டர்வியூன்னு சொன்னீய? இப்படி ஆற அமர காப்பி குடிக்கீய?" என்றார் மேனேஜர்.

"பத்தே முக்காலுக்குத்தானே."

"போன்ல என்னன்னு சொன்னாவ?"

"பௌனே தஸ்."

அவர் தலையில் கை வைத்தார். "ஐயோ! பௌனே தஸ்னா பத்துக்குக் கால் மணி முந்தி! ஒம்பதே முக்காலு! முழுசா கேட்டிருக்கலாம்லா!"

அவரே தெருவில் இறங்கி ஒரு டாக்ஸியை மறித்தார். டிரைவரிடம் இந்தியில் ஏதோ அதட்டிவிட்டு, "சயான் வழியா வெரசா போகச் சொல்லிருக்கேன். பதறாம போங்க" என்று கதவைச் சாத்தினார். பள்ளி வாசலில் நான் இறங்கியபோது மணி ஒன்பது நாற்பத்துநான்கு.

வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். தயாரித்துக்கொண்டு போயிருந்த செய்யுளைப் பையிலேயே விட்டுவிட்டேன். பலகையில் 9.45 என்று எழுதி, மணி என்ன என்றேன்.

"பௌனே தஸ்!" என்றது வகுப்பு.

"தமிழ்ல?"

ஒரு பெண் மட்டும், "முக்கால்... பத்து?" என்றாள்.

"அப்படி நெனச்சுதான் நானும் மூச்சு வாங்க ஓடி வந்தேன்" என்று நடந்ததைச் சொன்னேன்.

"டீச்சர் ஹிந்தில ஃபெயில்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு.

ஒன்பதே முக்கால் என்று பலகையில் எழுதினேன். அந்தப் பெண் எழுந்து விரலை நீட்டி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். 'க்' அருகே தடுக்கி நின்றாள். யாரும் உதவ வேண்டாம் என்று மற்றவர்களைக் கையமர்த்தினேன். படித்து முடித்ததும் அவள் யோசனையாகப் பலகையைப் பார்த்தாள். "அப்போ டீச்சர், தமிழ்ல போன மணிய சொல்றீங்க. நாங்க வரப்போற மணிய சொல்றோம்."

எத்தனையோ வருடம் நேரம் எழுதியவள், இதை ஒருநாளும் யோசித்ததில்லை.

மணி அடித்ததும் தலைமையாசிரியை வெளியே வந்து ஒன்றுதான் கேட்டார். "திங்கட்கிழமையிலேர்ந்து வர முடியுமா?"

விடுதிக்குத் திரும்பி, மாதக்கணக்கில் தங்க அறை கிடைக்குமா என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் முகமெல்லாம் சிரிப்பானது. "டோம்பிவிலியில வீடு பாத்தீயன்னா ட்ரெயின்லயே பாதி நாளு போயிரும். இங்கனயே இரிங்க. மூணாம் மாடில பொறத்தால ரூம் இருக்கு, சத்தமில்லாம படிக்கலாம், எழுதலாம்."

ஆளுக்கொரு பக்கம் பிடித்து, என் பெட்டியை அப்போதே மேலே தூக்கிக்கொண்டு போனோம்.