ஒன்பது நாள் பால்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றி நல்லதையே எதிர்பார்ப்பீர்கள். அவரிடம் நல்லதுதான் இருந்தது. குறை என் பக்கம்.

அக்கா மர்பி டவுனில் பிறந்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கார்மெண்ட்ஸில் காலர் தைக்கப் போனார். அதனால்தான் நான் கல்லூரிக்குப் போக முடிந்தது. லாரி ஓட்டும் மாமாவை மணந்து ஜோகுபாளையத்தில் குடியேறினார். பம்பாய் லோடு கிடைத்தால் மாமா திரும்பப் பத்து நாளாகும். அக்கா சலித்துக்கொண்டதே இல்லை.

1998இல் என் மகன் எட்டாம் மாதத்திலேயே பிறந்தான். என் மனைவி வலிப்பு வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். பவுடர் பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பியது.

"தாய்ப்பால் கிடைத்தால் நல்லது. பம்பாயில் அதற்கென்றே வங்கி இருக்கிறது, இங்கே இல்லை. யாராவது கொடுக்க முன்வந்தால் முதலில் எச்.ஐ.வி. சோதனை செய்துவிடுங்கள்" என்றார் டாக்டர்.

அக்காவுக்கு அப்போது மூன்று மாதக் கைக்குழந்தை. "எனக்குத்தான் இருக்குதேடா. காலையில வந்து வாங்கிட்டுப் போ" என்றார்.

அந்த நாட்களில் எய்ட்ஸ் என்றாலே லாரி டிரைவர்களைத்தான் சொல்வார்கள். மாமாவைப் பற்றி ஒரு தவறான பேச்சும் நான் கேட்டதில்லை. இருந்தும் பயந்தேன். சோதனை செய்யச் சொன்னால் மாமாவைச் சந்தேகிப்பதாக ஆகிவிடும் என்று கூசினேன். கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

தினமும் காலை ஆறே முக்காலுக்கு, எதையும் குறித்துவைக்கும் என் டைரியோடு அக்கா வீட்டு வாசலில் நிற்பேன்.

"டைரிக்காரரு வந்துட்டாரு! எத்தனை மில்லின்னு எழுதிக்கோடா. அப்புறம் உன் புள்ள குடிக்கலைன்னு சொல்லக் கூடாது" என்று சிரிப்பார். தன் மகளுக்குக் கொடுக்கும் முன்பே எனக்கு ஒரு பாட்டிலில் எடுத்து வைத்திருப்பார். தொட்டிலில் அந்தக் குழந்தை அழுதுகொண்டிருக்கும்.

வாங்கிய பாலை ஆஸ்பத்திரியின் பின்பக்கக் குழாயடியில் கொட்டினேன். பாட்டிலைக் கழுவி மாலையில் திருப்பிக் கொடுத்தேன். டாக்டரிடம், பால் கொடுக்க யாரும் கிடைக்கவில்லை என்றேன். பவுடர் பாலே தொடர்ந்தது. இரண்டு முறை வயிறு வீங்கி, ஊட்டுவதையே நிறுத்தினார்கள். பத்தாம் நாள் மனைவிக்குப் பால் சுரந்தது, மகன் பிழைத்தான். என் டைரியில் ஒன்பது நாளும் "பால் பெற்றேன்" என்று நேரத்தோடு இருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

அதன் பிறகு எந்த விசேஷத்திலும் அக்கா அவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இவன் என் பால் குடிச்சவன்" என்பார். நான் இலை போடவோ தண்ணீர் வைக்கவோ எழுந்து போய்விடுவேன்.

சிறுநீரகம் பழுதாகி அக்கா படுத்த கடைசி வாரத்தில், வாயில் பால் விடுவது யார் என்ற பேச்சு வந்தது. அக்காவே சொன்னார்: "அவனக் கூப்பிடுங்க. ஒன்பது நாள் குடிச்சானில்ல, ஒரு ஸ்பூனு திருப்பிக் குடுக்கட்டும்." எட்டு வயதான என் மகன் பாலை விட்டான். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

காரியம் முடிந்து அக்காவின் பீரோவை ஒழித்தபோது பிரசவ ஃபைல் கிடைத்தது. கர்ப்பமாக இருந்தபோதே எடுத்த ரத்தச் சோதனை அறிக்கை அதில் இருந்தது. எச்.ஐ.வி. இல்லை என்று தெளிவாகப் போட்டிருந்தது. கேட்டிருந்தால் அன்றே எடுத்து நீட்டியிருப்பார்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மலர்ல போடுப்பா. உங்க அக்காவுக்கும் தெரியட்டும்" என்றார்.

அக்காவை டயாலிசிஸுக்குத் தூக்கிச் சென்ற ஜோகுபாளையம் நண்பர்களுக்கும், ரத்தம் கொடுத்த கார்மெண்ட்ஸ் தோழிகளுக்கும், இரவு பகல் பாராத செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தன் பங்கை விட்டுக்கொடுத்து அழுத அக்காவின் மகளிடமும், மாமாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை என் மகனுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ நான் அத்தைக்கு எதைப்பா திருப்பிக் குடுத்தேன்?" என்றான்.