காடாப் பைக்குள் தூதுவளை

எங்கள் வீட்டில் போன் கிடையாது. பீளமேட்டில் பக்கத்து வீட்டம்மா மதில் மேலிருந்து கூப்பிட்டபோது நான் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் எடுத்தால் எங்கள் தலைமையாசிரியர். "ராஜாமணி டீச்சர் தவறிட்டாங்கம்மா" என்றார். விடியலில் நெஞ்சுவலியாம். கோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். முந்தின நாள் சாயங்காலம் சோமனூர் பஸ் நிறுத்தத்தில், தொண்டை கட்டியிருக்கும்போது தலைக்கு எண்ணெய் தேய்க்காதே என்று என்னைத் திட்டி ஏற்றிவிட்டவர். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஊரார் தொண்டையெல்லாம் கவனித்தவர் தன் நெஞ்சைக் கவனிக்காமல் விட்டுவிட்டாரே.

பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய குரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் அறையில் அவர் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து வகுப்பு அடங்கிவிடும். வீட்டை ஒட்டியே விசைத்தறி. அவர் வீட்டுக்காரர் பழனிசாமி அண்ணனுக்கு வருசக்கணக்காகத் தறிச் சத்தத்தில் நின்று காது ஏறக்குறைய போய்விட்டது. "வூட்டுல கத்திக் கத்தியே ரகசியம் பேசறது எனக்கு மறந்துபோச்சு அம்மணி" என்பார் டீச்சர். உண்மைதான். அவரிடம் சொன்ன ரகசியம் எதுவும் சாயங்காலம் வரை தாங்கியதில்லை.

அந்த ஊரில் பஞ்சுத் தூசிக்கு இருமாத ஆள் குறைவு. ஐப்பசி மழைக்குப் பின் வேலியெல்லாம் தூதுவளை தழைக்கும்போது ராஜாமணி டீச்சர் பறித்து, முள் நீக்கி, கழுவி, வீட்டுக்குள் நிழலில் முறங்களில் பரப்புவார். காய்ந்ததைப் பொடித்து இருமலுக்கு ரசம் வைப்பார். வெயிலில் போட்டால் இலை வெளுத்து மணம் போய்விடும் என்பது அவர் கட்சி. நான் மாத்திரைக் கட்சி. அதற்காக அவர் என்னோடு சண்டை போட்டதே இல்லை. "மாத்திரை உங்க தொண்டைக்கு, ரசம் உங்க வாய்க்கு. ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும்" என்று டம்ளரை நீட்டிவிடுவார்.

ஒரு வருசம் மழை விடவேயில்லை. வீட்டுக்குள் ஈரம் ஏறியது. உதவி செய்வதாக நினைத்துப் பழனிசாமி அண்ணன் முறங்களை எடுத்துக்கொண்டுபோய்த் தறிக் கொட்டகையில் வைத்துவிட்டார். அங்கே நிழலும் உண்டு, மோட்டார் ஓடுகிற கதகதப்பும் உண்டு. அவர் கணக்கு சரிதான், பஞ்சை மட்டும் மறந்துவிட்டார். அந்த இலையைப் பொடித்து வைத்த ரசம் பள்ளிக்கு வந்தது. தலைமையாசிரியர் ஒரு வாய் குடித்துவிட்டு, நாக்கிலிருந்து மெதுவாக ஒரு நூல் இழையை உருவினார். ராஜாமணி டீச்சர் கொஞ்சமும் அசரவில்லை.

"சோமனூரு ரசமுங்க சார். நூல் இல்லாம வருங்களா?"

வீட்டில் பழனிசாமி அண்ணனை ஒரு சொல் திட்டவில்லை. அடுத்த வாரமே தறியில் இறங்கிய, வெளுக்காத காடாத் துணியின் வெட்டுத் துண்டுகளை எடுத்துப் பைகள் தைத்துவிட்டார். தூதுவளைக் கொத்தைத் தலைகீழாகக் கட்டி, பைக்குள் விட்டு, கொட்டகை உத்திரத்தில் தொங்கவிட்டார். காற்று போகும், பஞ்சு போகாது. பையைத் திறந்து பார்க்கவும் மாட்டார். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு ஆட்டு. சரசரத்தால் காய்ந்தது, சத்தம் வராவிட்டால் மறுபடியும் உத்திரத்துக்கு. அதற்காக மட்டும் அண்ணன் கொஞ்ச நேரம் தறியை நிறுத்திக் கொடுப்பார். அவர்கள் வீட்டில் அமைதி வந்ததே அந்த நேரத்தில்தான் என்று டீச்சர் கேலி செய்வார். பாட்டிலில் அடைத்த மறுநாள் காலையில் கண்ணாடி உள்ளே வேர்த்திருக்கிறதா என்றும் பார்ப்பார். வேர்த்திருந்தால் அவ்வளவையும் வெளியே கொட்டி மறுபடி காயவைப்பார்.

மார்கழிக் கடைசி நாள் காப்புக்கட்டு. கூரையில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் செருகுவதற்கு முன்னால், பாட்டில்களில் மிஞ்சிய பழைய இலையை வேப்பமரத்தடியில் கொட்டிவிடுவார். ஒருமுறை நான் தடுத்தேன். பச்சை மாறவில்லை, வாசனைகூட இருக்கிறது, எதற்குக் கொட்ட வேண்டும் என்றேன். "சேத்து வெக்கறது தீத்துப்போடறதுக்குத்தானுங்க அம்மணி. வெச்சு அழகு பாக்கறதுக்கா?" என்றார்.

இந்த வருசம் அந்த வீட்டில் காப்புக் கட்டவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று பழனிசாமி அண்ணன் வந்தார். கையில் மஞ்சப்பை, அதற்குள் ஒரு காடாப் பை. டீச்சர் கடைசியாகக் கட்டித் தொங்கவிட்டது.

"காஞ்சுதுங்களா இல்லீங்களான்னு எனக்குத் தெரியலீங்க டீச்சர். அவ காதுல வெச்சுத்தான் பாப்பா. எனக்குத்தான் அது கேக்காதுங்களே."

வாங்கிக் காதருகே வைத்து ஆட்டினேன். நன்றாகக் காய்ந்திருந்தது. சரசரவென்று, யாரோ உள்ளே பேசுவதுபோல் இருந்தது. நான் தலையாட்டினேன். அவருக்கு அது போதவில்லை. என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேக்குதுங்கண்ணா. நல்லாக் கேக்குதுங்க" என்று கத்தினேன். அப்படி நான் கத்தியதே இல்லை. பக்கத்து வகுப்பு சட்டென்று அடங்கியது.

அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

அந்த இலையை இரண்டு பாட்டில்களில் பிரித்தேன். ஒன்று அவர் வீட்டுக்குப் போனது, ஒன்று என் அடுக்களையில் இருக்கிறது. மறுநாள் காலையில் பார்த்தேன், கண்ணாடி வேர்க்கவில்லை. அடுத்த காப்புக்கட்டுக்குள் அதை ரசம் வைத்துத் தீர்த்துவிடுவேன், மாத்திரைக் கட்சிக்காரியாக இருந்தாலும். அவர் கையால் கட்டிய இலை அதோடு முடிந்துவிடும். அதைப் பூட்டி வைத்தால் அவருக்குப் பிடிக்காது. எனக்கென்று வைத்துக்கொள்வது பழனிசாமி அண்ணனிடம் பேசும்போது மட்டும் என் தொண்டையில் வரும் அந்தப் பெரிய குரலை.