சிலைக்குத் தோண்டிய இடம்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் இப்போது நாங்கள் குடியிருக்கும் தொங்கல் காம்பராவில்தான், அந்தக் கடைசி அறையில்தான், ஒரு இசையமைப்பாளர் பிறந்தார். சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போய்ப் பெரிய ஆளானவர். போன வருடம் அவருக்குச் சிலை வைக்கவென்று பதுளையிலிருந்து சிலர் வந்தார்கள். காம்பராவுக்குப் பின்னால், மழைத்தண்ணீர் ஓடும் கானோரச் சமதரையைப் பார்த்து, "இதுதான் தோதான எடம்" என்றார்கள்.

என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

மூச்சு விடாமல் பிறக்கும் பிள்ளையை எங்கள் தோட்டத்தில் மயானத்துக்குக் கொண்டுபோவதில்லை. காம்பராவுக்குப் பின்னாலேயே புதைத்துவிடுவோம். எங்கள் மகளை அங்கேதான் வைத்தோம். அடையாளக் கல் ஒரு மழையில் உருண்டு போய்விட்டது. இடம் என் மனைவிக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் பால் ஊற்றுவாள்.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன். வந்தவர்களின் தலைவர் வண்டியில் ஏறப் போகும்வரை பின்னாலேயே நடந்தேன்.

"ஐயா, அந்த எடத்துல எங்க புள்ளைய பொதச்சிருக்கோம்."

அவர் திறந்த வண்டிக் கதவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு, "நீங்களே எடுத்து வேற எடத்துல வச்சிருங்க. அதுவரைக்கும் யாரும் கை வைக்க மாட்டாங்க" என்றார்.

மறுநாள் காலை தோண்டினேன். கொஞ்சம் ஆழம் போனதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டினேன். இவள் புதுத் துணியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மண், வேர், மறுபடியும் மண். சுற்றி வைத்த சீலையின் நூல்கூட இல்லை.

"எடம் மாறிப் போச்சா?" என்றேன்.

"மாறல. இதே எடந்தான்."

பக்கத்துக் காம்பரா அக்கா எட்டிப் பார்த்தார். "பச்ச ஒடம்பு தாயி, மண்ணு தின்னுருக்கும். அந்த மண்ணுல ஒரு பிடிய முடிஞ்சு வை."

"மண்ணு எம்புள்ளையா?" என்றாள் இவள். "அப்ப இத்தன நாளும் நான் யாருக்குப் பால் ஊத்துனேன்?"

அக்கா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அதே இடத்தில் சிலை வந்துவிட்டது. கீழே பளிங்கில் அவர் பெயர். எல்லவுக்குச் சுற்றுலா வருகிறவர்கள்கூட ஏறிவந்து படம் எடுக்கிறார்கள். ஃபோனில் அவர் பாட்டைப் போட்டுக் கேட்கிறார்கள். பாட்டு நின்றதும் பின்பக்கம் காது கொடுத்தபடி இவள் இருப்பாள். நானும் கேட்டுப் பார்ப்பேன். கானில் தண்ணீர் ஓடும் சத்தம்தான்.

மழை பெய்து மண் கரைந்தால், கானோரமாகவே கீழ் லயம்வரை குனிந்து பார்த்தபடி போகிறாள். பனி மூடும் நேரங்களில் அவள் கண்ணுக்குத் தெரியமாட்டாள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு பின்னால் போகிறேன். அவளுக்குக் கூப்பிட ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை.