லிஃப்ட்காரர் எழுதிய ஸ்பானிஷ் பரீட்சை

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். அவரை நம்பித்தான் நூற்றுக்கணக்கான பேர் தினமும் மேலே போய்க் கீழே வருகிறார்கள். ஆனால் அவரோ எதையும் லேசில் நம்பிவிடமாட்டார். வேலை முடிந்ததும் தானே முதலில் ஏறி, உச்சி மாடிவரை போய், கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டு, இறங்கி வந்தால்தான் கதவில் மாட்டிய பலகையைக் கழற்றுவார். காத்து நிற்பவர்கள் முணுமுணுத்தால், "நான் ஏறிப் பாக்காத வண்டியில யாரும் ஏறக்கூடாது," என்பார். இருபத்திரண்டு வருஷமாக இதே பாட்டுதான்.

"கல்யாணத்தன்னிக்கு மண்டபத்து லிஃப்ட் வாசல்ல என்னை மாலையும் கழுத்துமா நிக்க வெச்சுட்டு, தனியா மேல போய்ட்டு வந்த மனுஷன்," என்று அவர் மனைவி இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் சக நர்சுகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இப்பேர்ப்பட்டவருக்கு மகளின் ஸ்பானிஷ் ஒரு பெரிய புதிர். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பெண். பள்ளிக்கூடத்தில் இருந்த ஸ்பானிஷ் பாடத்தையெல்லாம் போன வருஷமே முடித்துவிட்டாள். அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் இல்லை. கல்லூரியில் மொழிபெயர்ப்புப் படிப்பில் சேர வேண்டுமானால் வருஷக் கடைசிக்குள் ஸ்பானிஷில் மேல்நிலைச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

"ஆன்லைன்ல கிடைக்கும்ப்பா. ஆனா நம்மால கட்டற மாதிரி இருக்காது. விடுங்க, வேற ஏதாவது படிச்சுக்கறேன்," என்றாள்.

அந்த 'விடுங்க' அவரைக் குத்தியது. "நீ மத்த பாடத்தப் படி. தேடற வேலைய என்கிட்ட விடு," என்று சொல்லிவிட்டார்.

சொல்லியாயிற்று, தேட வேண்டுமே! மொட்டை மாடி மோட்டார் அறையில், சாப்பாட்டு வேளையில், கருவிப் பெட்டிமேல் போனைச் சாய்த்து வைத்துத் தேடினார். ஒன்றில் கட்டணத்தைப் பார்த்ததுமே தலை சுற்றியது. ஒன்று இலவசம் இலவசம் என்று கூவிவிட்டு மூன்றாம் பக்கத்தில் கார்டு நம்பர் கேட்டது. ஒன்றில் ஒரு பொம்மை எதற்கெடுத்தாலும் கைதட்டியது. முக்கால்வாசிப் பேர், காபி கேட்கவும் வழி கேட்கவும் சொல்லிக்கொடுத்ததோடு சரி. "எல்லாம் ரெண்டாவது மாடியோட நின்னுடுதே! இவ போகவேண்டியது பத்தாவது மாடியாச்சே," என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை, அகப்பட்டது. கடல்கடந்த ஊரில் மூன்று ஆசிரியைகள் சேர்ந்து நடத்தும் சின்னப் பள்ளி. வாரம் இரண்டு வகுப்பு, கதை படித்து விவாதம், கடைசியில் அந்தச் சான்றிதழ். கட்டணமும் கைக்கு எட்டியது. மேல்நிலையில் பன்னிரண்டே இடம், சனிக்கிழமை கடைசி. நுழைவுப் பரீட்சை ஒன்று எழுத வேண்டும். மகளின் பெயரையும் பிறந்த தேதியையும் நிரப்பினார். 'தொடங்கு' என்ற பொத்தான் வந்தது.

வேறு யாராக இருந்தாலும் அதோடு போனை மூடி மகளிடம் கொடுத்திருப்பார்கள். இவர் கை சும்மா இருக்குமா? ஏறிப் பார்க்காமல் பிள்ளையை எப்படி ஏற்றுவது? அமுக்கிவிட்டார்.

நாற்பது கேள்வி. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. கேள்வி தொடங்கும்போதே ஒரு கேள்விக்குறியைத் தலைகீழாக நிறுத்தியிருந்தார்கள். இது பழுதா, வழக்கமா? எடுத்த வேலையைப் பாதியில் விடும் பழக்கம் இல்லாததால் எல்லாவற்றுக்கும் நடு விடையாகத் தட்டி முடித்தார். 'முதல் நிலை' என்று இங்கிலீஷில் முடிவு வந்தது. அதன் கீழே, ஒருவருக்கு ஒரு பருவத்தில் ஒரே ஒரு முறைதான் பரீட்சை என்றும் இருந்தது.

உயிரே போய்விட்டது அவருக்கு.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட மகள் கத்தவில்லை. ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டில்மேல் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. "பண்ணது நான். நானே அவங்ககிட்ட சொல்றேன். நீ அத அவங்க பாஷையில சொல்லிடு, போதும்," என்று கெஞ்சினார். அன்றைக்கே மெயில் போட்டாள். சனிக்கிழமை காலை வீடியோவில் வரச்சொல்லிப் பதில் வந்தது.

திரையில் வந்த ஆசிரியை கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். கண்டிப்பான முகம். அவர் கேட்பதை மகள் தமிழில் சொல்வாள், அப்பா சொல்வதை ஸ்பானிஷில் சொல்வாள்.

"ஸ்பானிஷ் தெரியாதவர் எதுக்குப் பரீட்சை எழுதினார்னு கேக்கறாங்க."

அவர் தன் வழக்கத்தைச் சொன்னார். கயிறு, எதிர்ப்பாரம், பிரேக் என்று கையாலேயே காற்றில் ஒரு லிஃப்ட் கட்டினார். மகளுக்கு அந்த வார்த்தைகள் எதுவும் தெரியாது. திணறினாள். பிறகு, மறுபக்கம் தொங்கும் கனம், தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு என்று சுற்றிவளைத்துப் புரியவைத்தாள். ஆசிரியைக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஒன்பதாம் மாடியில் குடியிருக்கிறாராம், இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டே ஏறி இறங்குகிறாராம்.

"கயிறு அறுந்தா விழுந்துடுமான்னு கேக்கறாங்கப்பா!"

"விழாதும்மா. ஒரு கயிறா இருக்கு? தைரியமா ஏறச் சொல்லு."

அரை மணி ஓடியது. கடைசியில் ஆசிரியை நிதானமாக ஒன்று கேட்டார். லிஃப்டில் ஏறிப் பார்ப்பது சரி, பாடத்தில் ஏறிப் பார்க்க என்ன இருக்கிறது?

"லிஃப்ட் நடுவுல நின்னா நான் ஓடிப்போய்க் கதவத் திறந்துடுவேன். இதுல ஏறப்போறது என் பொண்ணு. இவ நடுவுல மாட்டிக்கிட்டா, அந்த பாஷையில எனக்குக் கதவு எங்க இருக்குன்னே தெரியாது. அதான் முன்னாடியே பாத்துடலாம்னு..."

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆசிரியை காத்திருந்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மெல்ல, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். அதில் 'பப்பா' என்ற ஒன்றுதான் அவருக்குப் புரிந்தது.

ஆசிரியை கண்ணாடியை இறக்கித் துடைத்துக்கொண்டே ஏதோ சொல்ல, மகள் துள்ளிக் குதித்தாள். "இப்பப் பேசினதுதான் என் பரீட்சையாம்ப்பா! மேல்நிலையில எடுத்துக்கிட்டாங்க! முதல் நிலை இடத்த, அத எழுதி வாங்கினவருக்கே குடுக்கறாங்களாம். முதல் வகுப்பு சும்மா வந்து உட்கார்ந்து பாக்கலாமாம்."

"எனக்கெதுக்கும்மா அதெல்லாம்," என்றார். ஆனால் அந்தத் தலைகீழ்க் கேள்விக்குறி மூன்று நாளாக மனசைக் குடைந்துகொண்டுதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், முதல் வகுப்புக்காகக் கையில் இருந்த கிரீஸை இரண்டு தடவை தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். கம்ப்யூட்டர் இருக்கும் அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினார்.

"வெளியிலயே நில்லுங்கப்பா," என்று உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

நின்றார். அடுப்படியில் இருந்த மனைவி அவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐந்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. மகள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"ஏறிப் பாத்துட்டேன்ப்பா. சத்தமெல்லாம் சரியா இருக்கு. இப்ப நீங்க ஏறலாம்."