பம்பாயிலிருந்து வந்த பஞ்சு

எழுபதுகளின் தொடக்கத்தில், கம்பம்மெட்டில் என்னைப் பெண் பார்க்க ஒருவர் வந்தார். பம்பாயில் வேலை. அன்று காலைதான் அங்கே விமானம் ஏறினாராம். கொச்சியில் இறங்கி, தாய்மாமனோடு பஸ் பிடித்து, விளக்கு வைக்கும் நேரத்துக்கு எங்கள் வாசலில் நின்றார்.

அப்பாவுக்கு ஏலக்காய்க் கடை. மேலே நல்ல காயைப் பரப்பி அடியில் சொத்தையை மறைக்கிறவர்களைப் பார்த்தே தலை நரைத்தவர். யார் என்ன சொன்னாலும் மூட்டையின் அடிவரை கையை விட்டுத்தான் பார்ப்பார்.

"பம்பாய்லருந்து கொச்சிக்கு எம்புட்டு நேரம் தம்பி?"

"ஆங்?"

அப்பா சத்தமாகத் திரும்பக் கேட்டார்.

"ரெண்டு மணி நேரம்கூட ஆகாதுங்க. கொச்சிலருந்து இங்க வரத்தான் ஒரு பகல் ஆயிருச்சு."

அப்பா விறுவிறுவென்று அடுக்களைக்கு வந்தார். "இந்தா இருக்க கொச்சிக்கு ஒரு பகலு, எங்கயோ இருக்க பம்பாய்க்கு ரெண்டு மணி நேரமா? யாருகிட்ட காது குத்துறான்!"

"காதுல பஞ்சு வச்சிருக்கான், பாத்தியாண்ணே? சீழு வடியுது போல. செவிடு" என்றாள் அத்தை.

அப்பா நேராகவே போய்க் கேட்டுவிட்டார். "பிளேன்ல குடுத்தாங்க, காது அடைக்கும்னு. சளி வேற. மலை ஏறவும் திரும்ப அடைச்சிருச்சு" என்றார் அவர். டிக்கெட்டை விற்றவன் பஞ்சும் கொடுப்பானா என்று அத்தை முகவாயை இடித்துக்கொண்டாள். அதோடு விட்டாளா? அவர் முதுகுக்குப் பின்னால் போய் ஒரு தட்டை நழுவவிட்டாள். அவர் திரும்பவில்லை. காப்பியோடு நின்ற நான் திடுக்கிட்டதைப் பார்த்து, என்ன ஆச்சு என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அம்மாவிடம் சொன்னேன். யார் கேட்டார்கள்? மறுநாளே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கம்பத்து வியாபாரி ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்குப் பாம்புச் செவி. அடுப்படியில் நான் முணுமுணுத்தால் கூடத்திலிருந்து சண்டைக்கு வருவார்.

சில வருஷம் கழித்து வியாபார விஷயமாகப் பம்பாய் போனபோது என்னையும் கூட்டிப்போனார். திரும்பும்போது விமானம். ஒரு பெண் தட்டில் மிட்டாயும் பஞ்சும் நீட்டினாள். மிட்டாயை விட்டுவிட்டுப் பஞ்சை எடுத்தேன். காதில் வைத்த பஞ்சைக் கொச்சியில் நான் எடுக்கவில்லை. பஸ் மலை ஏறியபோதும் எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் வைத்திருந்தேன். வழியில் அப்பாவின் கடையில் இறங்கினோம்.

அப்பா ஏதோ கேட்டார்.

"ஆங்?" நிஜமாகவே கேட்கவில்லை.

பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தார். "என்னாத்தா, காதுல?"

"பிளேன்ல குடுத்தாங்கப்பா."

நம்பாமல் என் கணவரைப் பார்த்தார். "எம்புட்டு நேரம் ஆச்சு மாப்ள?"

"ரெண்டு மணி நேரம்கூட ஆகலை மாமா."

"பஞ்சு? எல்லாருக்குமா குடுக்குறாங்க?"

"எல்லாருக்கும்தான்."

காதிலிருந்து உருவி அவர் உள்ளங்கையில் வைத்தேன். அப்பா அதைப் பிரித்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அதில் ஒரு வாடையும் இல்லை.